பிளேன்ல பெல்ட், கார்ல மடி

கல்யாணம் ஆகாத, பி.காம் மூணாவது வருஷம் படிக்கிற ஒருத்தன் கைக்குழந்தையோட ஃப்ளைட்ல போறதைப் பத்தி எழுதுறான்னா, உனக்கு என்னடா தெரியும்னு கேட்பீங்க. நியாயமான கேள்விதான். ஆனா எங்க ராஜபாளையம் வீட்டுல போன மாசம் முழுக்க இதே பேச்சுதான். சென்னையில இருக்கிற அக்காவும் மச்சானும் பத்து மாசப் பாப்பாவோட நாலு நாள் லீவுல ஊருக்கு வந்தாங்க. அய்யனார் கோவிலுக்குப் போகணும், சொந்தபந்தத்துக்கு பாப்பாவைக் காட்டணும், திரும்பணும். அவ்வளவுதான் பிளான். ஃப்ளைட்டா ட்ரெயினான்னு ஒரு பட்டிமன்றமே நடந்துச்சு. அதுல யாருமே பேசாத ஒரு விஷயத்தைத்தான் இங்க எழுதப் போறேன்.

முதல்ல அம்மாச்சி கட்சி. "பச்சப் புள்ளைய ஆகாசத்துல தூக்கிட்டு வராதீக". 2025 ஜூன் 12 அகமதாபாத் விபத்தை டிவியில பார்த்ததுல இருந்து அம்மாச்சிக்கு ஃப்ளைட்னாலே நடுக்கம். விமானத்துல இருந்தவங்கள்ல ஒரே ஒருத்தர்தான் பிழைச்சார். தரையில இருந்தவங்களையும் சேர்த்து 260 பேர் போயிட்டாங்க. அதைப் பார்த்த ஒரு கிழவியோட பயத்தைக் கிண்டல் பண்ண எனக்கு மனசு வரல. அடுத்தது அப்பா கட்சி. "ரயிலு வீட்டு வாசல்ல கொண்டாந்து விடுது, எதுக்கு தண்டச்செலவு?" மூணாவது மச்சான் கட்சி. "மாமா, இருக்கிறதே நாலு நாளு, அதுல ரெண்டு ராத்திரி ரயில்லயே போயிடுமே!"

மச்சான் சொன்னதை நம்ம காமர்ஸ் புத்தியில கணக்குப் போட்டுப் பார்த்தேன். சென்னையில வீட்டுல இருந்து ஏர்போர்ட்டுக்கு ஒரு மணி நேரம். ரெண்டு மணி நேரம் முன்னாடியே போய் உட்காரணும். ஃப்ளைட் ஒண்ணேகால் மணி நேரம். மதுரையில இறங்கி பெட்டி எடுக்க அரை மணி. அங்கிருந்து திருமங்கலம், டி.கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியா ராஜபாளையம் சுமார் 80 கிலோமீட்டர், டீ குடிக்காம வந்தா ரெண்டு மணி நேரம். மொத்தம் ஏழு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கம்மி. பொதிகை எக்ஸ்பிரஸ் ராத்திரி ஏத்திக்கிட்டு விடியக்காலை நம்மூர் ஸ்டேஷன்ல இறக்கி விட்டுடும், சுமாரா பத்து மணி நேரம். ஆக மிச்சம் மூணு மணி நேரம். அதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. ரயில்ல போற பத்து மணி நேரத்துல முக்கால்வாசி தூங்குற நேரம், ஃப்ளைட் வழியில போற ஏழும் முழிச்சிருக்கிற நேரம். பணம் கொடுத்து நேரம் வாங்குறோம்னு நினைக்கிறோம். வாங்கினது எவ்வளவுன்னு யாரும் எண்ணிப் பார்க்குறதில்ல.

அதுக்காக நான் அப்பா கட்சின்னு முடிவு கட்டிடாதீங்க. ரயில்ல இடம் கிடைச்சாத்தானே! 2024 நவம்பர் 1-ல இருந்து முன்பதிவு 60 நாளைக்கு முன்னாடிதான் திறக்குது. பண்டிகை சமயத்துல திறந்த வேகத்துல வெயிட்டிங் லிஸ்ட் வந்துடுது. ஐ.டி. கம்பெனியில லீவு கிடைக்குறது எப்போன்னு தெரியும்ல? பத்து நாளைக்கு முன்னாடிதான் "அப்ரூவ்ட்"னு மெயில் வரும். அப்புறம் தட்கல்ல குழந்தையை வச்சுக்கிட்டு சூதாட முடியுமா? அப்படியே டிக்கெட் கிடைச்சாலும் அஞ்சு வயசுக்குக் கீழ குழந்தைக்கு டிக்கெட் கட்டாயமில்ல, டிக்கெட் எடுக்கலைன்னா தனி பெர்த்தும் இல்ல. அந்தக் குறுகின பெர்த்துல அம்மாவும் பிள்ளையும் ஒட்டிப் படுக்கணும். 2022 மே மாசம் லக்னோ மெயில்ல சோதனையா ரெண்டு லோயர் பெர்த் ஓரமா குட்டி 'பேபி பெர்த்' வச்சுப் பார்த்தாங்க. நல்ல யோசனை. நம்ம பொதிகையில அப்படி ஒண்ணு வந்தா முதல் ஆளா நான் கை தட்டுவேன். அதுவரைக்கும், ஃப்ளைட்ல வர்ற அம்மா அப்பாவைப் பார்த்து "பவுசு"ன்னு சொல்றது அநியாயம்.

பிளேன்ல குழந்தை அழுதா பக்கத்து சீட்டுக்காரர் முறைக்கிறதைப் பத்தி தனியாவே ஒரு கட்டுரை எழுதலாம். இங்க சுருக்கமா சொல்றேன். கேபினுக்குள்ள காத்தழுத்தம் அதிகபட்சம் 8000 அடி உயரத்துல இருக்கிற மாதிரி வச்சிருப்பாங்க. கொடைக்கானலே 7000 அடிதான். அப்போ கொடைக்கானலுக்கும் மேல ஏறி, கொஞ்ச நேரத்துல மறுபடி அடிவாரத்துக்கு வந்த மாதிரி. நமக்கு எச்சில் முழுங்கினா காது திறந்துக்கும். பத்து மாசக் குழந்தைக்கு அது தெரியாது, அதனால வலி, அழுகை, குறிப்பா இறங்கும்போது. அந்த நேரம் பார்த்து பால் கொடுத்தா முழுங்க முழுங்க சரியாகும். ஆக, அழுற குழந்தைக்கு வலிக்குது, முறைக்கிற பெரியவருக்கு வலிக்கல. யாரு பொறுத்துக்கணும்னு நீங்களே சொல்லுங்க.

இப்போ நம்ம விஷயத்துக்கு வர்றேன்.

பிளேன்ல ரெண்டு வயசுக்குக் கீழ உள்ள குழந்தை பெரும்பாலும் மடியிலதான். அப்படி வர்ற குழந்தைக்கு தனி சீட் கிடையாது. அம்மா பெல்ட்டோட கோர்க்குற மாதிரி ஒரு குட்டி பெல்ட் கொடுப்பாங்க. இந்த மடிப் பயணமே சரியாங்கிறது உலகத்துல ரொம்ப வருஷமா நடக்குற சண்டை. 1989 ஜூலை 19, அமெரிக்காவுல யுனைடெட் 232-ன்னு ஒரு விமானம் சியூ சிட்டியில தரையிறங்கும்போது நொறுங்குச்சு. அதுல மடியில இருந்தது நாலு சின்னக் குழந்தைங்க. அன்னிக்கு இருந்த வழிமுறைப்படி, குழந்தைகளைத் தரையில வச்சுப் பிடிச்சுக்கோங்கன்னு பெற்றோர்கிட்ட சொன்னாங்க தலைமைப் பணிப்பெண் ஜான் பிரவுன். அதுல ஒரு குழந்தை இறந்து போச்சு. அந்த அம்மா வேலையில இருந்தும் அப்புறமும் வருஷக்கணக்கா ஒரே கோரிக்கையோட அலைஞ்சாங்க. ஒவ்வொரு குழந்தைக்கும் தனி சீட், தனி பெல்ட் வேணும்.

அமெரிக்க விமானத்துறை என்ன சொல்லுச்சு தெரியுமா? 2005-ல, கட்டாயமாக்க மாட்டோம்னுட்டாங்க. காரணம் அப்படியே எங்க எகனாமிக்ஸ் பாடம். குழந்தைக்கும் முழு டிக்கெட் வாங்கணும்னா, கொஞ்சம் குடும்பங்க பிளேனை விட்டுட்டு கார்ல கிளம்பும். பிளேனை விட கார்லதான் சாவு அதிகம். ஒரு உயிரைக் காப்பாத்தப் போய் அதை விட அதிகமா ரோட்டுல இழப்போம்னு வாதம். மாற்றுப் பொருள், விலை நெகிழ்ச்சின்னு நாம பரீட்சையில எழுதுறதுதான். முதல் தடவை இதைப் படிச்சப்போ புல்லரிச்சுப் போச்சு, அட நம்ம சிலபஸ்ல உயிர் இருக்கேன்னு.

ஆனா அந்த வாதத்தை நம்மூருக்குக் கொண்டு வந்து பாருங்க, பாதியில நின்னுடும். அவங்க கணக்குல பிளேன் இல்லைன்னா கார். நமக்கோ பிளேன்ல வந்தாலும் கார். ராஜபாளையத்துல ஏர்போர்ட்டா இருக்கு? மேல போட்ட கணக்கையே திரும்பப் பாருங்க. ஏழு மணி நேரத்துல ஆகாசத்துல ஒண்ணேகால் மணி, கார்ல மூணு மணி. பட்டிமன்றத்துல மூணு கட்சியும் அந்த ஒண்ணேகால் மணி நேரத்துக்குத்தான் மல்லு கட்டுச்சு. மூணு மணி நேரத்தைப் பத்தி ஒருத்தரும் வாய் திறக்கல.

பிளேன்ல என்னெல்லாம் நடக்குது? பெல்ட் மாட்டியிருக்கான்னு வந்து பார்க்கிறாங்க. குட்டி பெல்ட்டை எப்படிக் கோர்க்கணும்னு சொல்லிக் கொடுக்குறாங்க. (அந்த பெல்ட்டையே அமெரிக்காவுல அனுமதிக்கிறதில்ல, இடிச்சா அம்மா உடம்பே குழந்தையை நசுக்கிடும்னு. ஐரோப்பாவுல அதுவாவது வேணும்கிறாங்க. அந்த அளவுக்கு நுணுக்கமாச் சண்டை போடுறாங்க!) 2024 ஜனவரி 2, டோக்கியோ ஹனேடாவுல ஒரு ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ரன்வேயில மோதி தீப்பிடிச்சு முழுசா எரிஞ்சது. உள்ள இருந்த 379 பேரும் தப்பிச்சாங்க, அதுல எட்டுப் பேர் ரெண்டு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைங்க. ஊழியர்களுக்குப் பயிற்சி இருந்துச்சு, மத்தவங்க சொன்னபடி கேட்டாங்க.

மதுரையில இறங்கி வெளிய வந்ததும் இந்த ஒழுங்கு எல்லாம் ஏர்போர்ட் வாசல்லயே நின்னுடுது. டாக்ஸி முன் சீட்டுல மாப்பிள்ளை, மடியில குழந்தை, "வேடிக்கை பார்த்துட்டு வரட்டும்"னு. டேஷ்போர்டுல காத்துப்பை இருக்கு. அது வெடிச்சு விரியிற வேகம் ஒரு வளர்ந்த ஆளோட நெஞ்சுக்காகச் செஞ்சது. மடியில நிக்கிற குழந்தையோட தலை நேரா அதுக்கு முன்னாடி. பின் சீட்டுன்னா அம்மா இடுப்புல. "நான் கெட்டியா பிடிச்சிருக்கேன்ல"ம்பாங்க.

கெட்டியான்னா எவ்வளவு கெட்டி? பிசிக்ஸ் படிக்கிற நண்பனை வச்சுக் கணக்குப் போட்டேன். பாப்பா எடை 9 கிலோ. கார் 60 கிலோமீட்டர் வேகத்துல போய் எதுலயாவது மோதி பத்துல ஒரு பங்கு வினாடியில நிக்குதுன்னு வச்சுக்கோங்க. அந்த நொடியில குழந்தையைப் பிடிச்சு நிறுத்த சுமார் 150 கிலோ தூக்குற பலம் வேணும். அதாவது மூணு மூட்டை சிமெண்ட். எங்க அக்கா ஒரு குடம் தண்ணி தூக்கவே என்னைக் கூப்பிடும் :-)

சட்டம் இல்லாம இல்ல. 2019-ல மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினப்போ 194பி-ன்னு ஒரு பிரிவு வந்துச்சு. 14 வயசுக்குக் கீழ உள்ள குழந்தைக்கு பெல்ட்டோ குழந்தைக்கான சீட்டோ இல்லாம வண்டி ஓட்டினா 1000 ரூபாய் அபராதம். அந்த அபராதம் கட்டின ஒருத்தரை நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல, நீங்க பார்த்திருந்தா சொல்லுங்க. 2022-ல நாட்டுல சாலை விபத்துல இறந்தவங்க 1,68,491 பேர்னு மத்திய அரசு அறிக்கை. அதே வருஷம் செப்டம்பர் 4 சைரஸ் மிஸ்திரி பின் சீட்டுல பெல்ட் போடாம இறந்தப்போ ஊரே பின் சீட்டு பெல்ட்டைப் பத்தி பேசுச்சு. ஒரு மாசம். அப்புறம் மறந்தாச்சு.

அய்யனார் கோவில் பாக்கி இருக்கு. தெரியாதவங்களுக்கு: ராஜபாளையத்துக்கு மேற்கால, முடங்கியார் ரோடு வழியா மலையடிவாரம் போனா நீர் காத்த அய்யனார் கோவில், பக்கத்துலயே ஓடை, அருவி. 2021-ல அறிவிச்ச ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் இருக்கிற அதே மலைதான். ரொம்ப அழகான இடம், சந்தேகமே இல்ல. மலையில மழைன்னா ஓடையில தண்ணி சட்டுனு ஏறிடும், வனத்துறை போக வேணாம்னா அன்னிக்கு வீட்டுலயே இருந்துடணும். ஆனா தினமும் நான் பார்க்குற ஆபத்து தண்ணியில இல்ல, வர்ற வழியில. ஒரு பைக், முன்னாடி டேங்க் மேல மூத்தவன், பின்னாடி அம்மா கையில கைக்குழந்தை. ஞாயித்துக்கிழமை முடங்கியார் ரோட்டுல நின்னு எண்ணிப் பாருங்க. நாலு வயசுக்குக் கீழ குழந்தையை ஓட்டுறவரோட சேர்த்து வார் போட்டுக் கட்டணும், 40 கிலோமீட்டருக்கு மேல போகக்கூடாது, ஒன்பது மாசம் தாண்டினா ஹெல்மெட்டும் வேணும்னு விதியே இருக்கு. 2022-ல அறிவிச்சது. அந்த வார் ராஜபாளையத்துல எந்தக் கடையில கிடைக்கும்னு நான் நாலு இடத்துல விசாரிச்சேன். நாலு பேருமே "ஸ்கூல் பேக்கா தம்பி?"ன்னு கேட்டாங்க.

"நாங்க எல்லாம் அப்படித்தானே வளர்ந்தோம்"னு சொல்றவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்றேன். வளராமப் போனவங்க வந்து பதில் சொல்ல முடியாது. அதனால அந்த ஓட்டெடுப்புல எப்பவும் ஒரே பக்கம்தான் ஜெயிக்கும்.

என் கருத்து ரொம்ப எளிமையானது. நாலு நாள் லீவா, ரயில்ல லோயர் பெர்த் கிடைச்சா ரயில். ஸ்டேஷன்ல இருந்து வீட்டுக்கு அஞ்சு நிமிஷம், ஹைவேயே கிடையாது. கிடைக்கலையா, தாராளமா ஃப்ளைட்ல வாங்க, அம்மாச்சியை நாங்க சமாளிச்சுக்கிறோம். ஆனா ஃப்ளைட்டுக்கு பட்ஜெட் போடும்போதே குழந்தைக்கான கார் சீட்டையும் அதுல சேர்த்துடுங்க. சில ஆயிரம் ரூபாய்தான் ஆகும், ஒரு தடவை போக வர டிக்கெட் செலவை விட பெரிசா இருக்காது. டிக்கெட் ஒரு நாளோட காலி, சீட்டு அடுத்த குழந்தைக்கும் ஆகும். (தேய்மானம் போட்டுப் பார்த்தா இன்னும் மலிவு, கணக்கு வாத்தியார் மன்னிக்கணும்.) கைக்குழந்தைக்குன்னா பின்பக்கம் பார்த்த மாதிரி உட்கார வைக்கிற சீட்டா வாங்குங்க. அந்த வயசுல தலை கனம், கழுத்து பலமில்ல. பின் சீட்டுலதான் வைக்கணும், காத்துப்பைக்கு முன்னாடி வைக்கவே கூடாது. விமானத்துல அதை எப்படி எடுத்துட்டு வர்றதுன்னு டிக்கெட் போடும்போதே கேட்டுக்கோங்க.

இன்னொண்ணு. மதுரையில டாக்ஸி புக் பண்ணும்போது "ஏசி இருக்கா"ன்னு கேட்குறதுக்கு முன்னாடி "பின் சீட்டுல பெல்ட் இருக்கா அண்ணே"ன்னு கேளுங்க. பெல்ட் இருக்கும். ஆனா அதை மாட்டுற கொக்கி, புதுசாத் தச்ச சீட் கவருக்கு அடியில புதைஞ்சு கிடக்கும். போன மாசம் நாங்க பிடிச்ச வண்டியில கவரைத் தூக்கி அதை வெளிய எடுக்க டிரைவர் அண்ணனுக்கு ரெண்டு நிமிஷம் ஆச்சு. "இத யாருமே கேட்டதில்ல தம்பி"ன்னார்.