உயர்த்திய ஜீப்பின் ஸ்டீயரிங் ஏன் அலைகிறது?

கேள்வி: சிறுமலையில் 2 ஏக்கரில் மலைவாழையும் மிளகும் வைத்திருக்கிறோம். தோட்டத்துப் பாதையில் அடியில் கல் இடிக்கிறது என்று எங்கள் பழைய மஹிந்திரா ஜீப்புக்கு நான்கு சக்கரத்திலும் 2 அங்குலம் நீளம் கூடிய ஷேக்கிள் போட்டோம். அதிலிருந்து திண்டுக்கல் ரோட்டில் 50 கி.மீ. வேகம் போனாலே ஸ்டீயரிங் அலைகிறது. வளைவில் ஒடித்தால் தானாகத் திரும்பி வருவதில்லை. நான்கு டயரையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா? மிளகு பறிக்கும் நாட்களில் ஆட்களும் இதில்தான் வருகிறார்கள்.
- வாசகர், திண்டுக்கல் மாவட்டம்.

பதில்: டயருக்குப் பணம் கட்ட வேண்டாம், பொறுங்கள். ஸ்டீயரிங் சரியாகும்வரை அந்த ஜீப்பில் ஆட்களை ஏற்றி 18 கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கவும் வேண்டாம். வாழைத்தாரை இறக்க உங்கள் மலையில் இன்னும் குதிரைகள் இருக்கின்றனவே.

நீங்கள் சொல்லும் இரண்டு அறிகுறிகளும் கேஸ்டர் குறைந்ததையே காட்டுகின்றன. ஒரு சைக்கிளைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். முன் ஃபோர்க் செங்குத்தாக இருக்காது. அதன் மேல்முனை ஓட்டுபவர் பக்கம் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வுதான் சக்கரத்தை நேர்ப்பாதைக்கு இழுத்து வருகிறது. ஜீப்பில் முன்சக்கரம் திரும்புகிற கிங்பின்னும் அதேபோல் மேல்முனை பின்பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். பழைய வில்லிஸ் ஜீப்புக்கு இந்தச் சாய்வு 3 டிகிரி. மஹிந்திராவின் பழைய ஜீப்புகள் அந்த வழி வந்தவைதான்.

இனி ஜீப்புக்கு அடியில் குனிந்து பாருங்கள். முன் கமான் பட்டையின் பின்முனை சேஸிஸில் நிலையாக இருக்கிறதா, ஷேக்கிள் பம்பர் பக்கம் இருக்கிறதா? அப்படியானால் விஷயம் இதுதான். பட்டை சுமார் 3 அடி நீளம். அதன் முன்முனை 2 அங்குலம் கீழே இறங்கினால், பட்டையும் அதில் கட்டிய ஆக்ஸிலும் சுமார் 3 டிகிரி முன்பக்கம் கவிழும். இருந்த கேஸ்டர் முழுவதும் ஷேக்கிளோடு போய்விட்டது! இறக்கத்தில் பிரேக் மிதிக்கும்போது ஆக்ஸில் இன்னும் கொஞ்சம் முன்பக்கம் திருகும். ஆட்களை ஏற்ற வேண்டாம் என்றது இதற்காகத்தான்.

என்னைக் கேட்டால் பழைய ஷேக்கிளையே திரும்பப் போடச் சொல்வேன். 2 அங்குல ஷேக்கிளால் பாடி உயர்ந்தது சுமார் 1 அங்குலம்தான். ஆக்ஸிலும் டிஃபரன்ஷியலும் டயர் உயரத்தில் அதே இடத்தில்தான் இருக்கின்றன. கல் இடிப்பது பெரும்பாலும் அங்கேதான். அரை நாள் கடப்பாரையோடு பாதையில் இறங்கினால் இதைவிட அதிகப் பலன் கிடைக்கும். தவிர, பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. விபத்து என்று வந்தால் காப்பீட்டுக்காரர் உயர்த்திய ஷேக்கிளைத்தான் முதலில் கேட்பார்.

உயரம் வேண்டும் என்றே நீங்கள் நினைத்தால், ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவே சாய்வான ஆப்பு ஷிம் வைக்க வேண்டும். இரும்பு ஷிம்தான் வேண்டும்; அலுமினியம் நசுங்கி உடையும். வாஷரை அடுக்கி வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள். திசையில்தான் பலரும் தவறுகிறார்கள். பட்டை ஆக்ஸிலுக்குக் கீழே இருந்தால் ஆப்பின் தடித்த பக்கம் முன்னால் வர வேண்டும். பட்டை மேலே இருந்தால் தடித்த பக்கம் பின்னால். மாற்றி வைத்தால் கோளாறு இரட்டிப்பாகும். ஷிம் தடிமனுக்கு ஏற்ற நீள சென்டர் போல்ட்டும் புது யூ போல்ட்டும் போடுங்கள்.

அதற்கு முன் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். கிங்பின் பேரிங்கிலோ வீல் பேரிங்கிலோ ஆட்டம் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். டை ராடு எண்டையும் பாருங்கள். அலைன்மென்ட் கடையில் டோ மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார்கள்; கேஸ்டர் எத்தனை டிகிரி என்று இரண்டு பக்கமும் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். எந்த அளவு ஷிம் வேண்டும் என்பதை அந்தக் கணக்குதான் சொல்லும். கூடுதலாக வைத்துவிடாதீர்கள். ஸ்டீயரிங் கனக்கும், டிஃபரன்ஷியலின் மூக்கு கீழே இறங்கி, ஃபோர் வீல் போடும்போது முன் ஷாஃப்ட் கிராஸ் சத்தம் போட்டுச் சீக்கிரம் தேயும்.

வேலை முடிந்ததும் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்து, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று பாருங்கள். ஆளில்லாமல் 100 கி.மீ. ஓட்டிவிட்டு யூ போல்ட்டுகளை மறுபடி முறுக்குங்கள்.