கிழக்கே மலை, மேற்கே கடல்: சுங்காய் மழைக்கு இரண்டு காவல்

சுங்காய்: பருவமழை என்றதும் கிளந்தான், திரங்கானு வெள்ளம்தான் செய்தியில் முதலிடம் பிடிக்கிறது. ஆனால் சுங்காய், பீடோர், ஸ்லிம் ரிவர் வட்டாரத்தின் மழைக்கணக்கு வேறு.

நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலின் ஈரத்தைச் சுமந்து வருகிறது. அந்த ஈரத்தில் பெரும்பகுதியைத் தித்திவங்சா மலைத்தொடர் கிழக்குக் கரையிலேயே இறக்கி வைத்துவிடுகிறது. மே இறுதியிலிருந்து செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்றைச் சுமத்ரா மலைகள் மறிக்கின்றன. இதனால் இங்கே மழை வலுப்பது பெரும்பாலும் இரு பருவங்களுக்கும் இடைப்பட்ட ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும்தான்.

அப்போது பருவக்காற்று தளர்ந்திருக்கும். பகல் வெயிலில் நிலம் சூடேற, மலாக்கா நீரிணையிலிருந்து கடல்காற்று உள்ளே நுழைகிறது. மலையடிவாரத்தில் முட்டி மேலெழும்பும் அந்த ஈரக்காற்று, மாலையில் இடிமழையாகக் கொட்டுகிறது. மலை எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைப் பொறுத்து மழையின் அளவும் மாறுகிறது. ஒரே பேராக் மாநிலத்தில், சமவெளிக் கரையோரமான சித்தியவானில் ஆண்டு மழை 2,000 மில்லிமீட்டருக்கும் குறைவு. மலையை ஒட்டிய தைப்பிங்கிலோ அது 4,000 மில்லிமீட்டரை நெருங்குகிறது.

தோட்டப் பாட்டாளிக்கு மழையின் அளவைவிட நேரமே முக்கியம். மாலை மழைக்குள் பால் எடுத்து முடித்துவிடலாம். தென்மேற்குப் பருவத்தில் நீரிணையைக் கடந்து விடியற்காலையில் வரும் 'சுமத்ரா' புயல்மழைதான் வயிற்றில் அடிக்கிறது. பட்டை நனைந்தால் பால் கோட்டில் நில்லாமல் மரத்தில் வழிந்துவிடும். அன்று வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாளில் பாலுக்கேற்ற கூலியும் இல்லை. செம்பனைத் தோட்டத்திலும் பாதை சேறானால் வெட்டிய குலை லோரி ஏறாமல் கிடக்கும்.

மலையில் பெய்த நீர் சுங்காயோடு நிற்பதில்லை. அது கீழே தெலுக் இந்தான் தாழ்நிலத்தை நோக்கிப் போகிறது. அங்கே கடல் பெருக்கும் சேர்ந்தால் ஆறு வடியத் தாமதமாகும்.

ஆகவே கால்வாய் தூர்வாருவதும் கூரை பழுதுபார்ப்பதும் ஆண்டிறுதிக்காகக் காத்திருக்கக் கூடாது. மார்ச்சிலும் செப்டம்பரிலும் அவை முடிந்திருக்க வேண்டும். மழைநாள் கூலி பற்றிய பேச்சும் இந்த நாட்காட்டியை வைத்தே நடக்க வேண்டும். கிழக்குக் கரையின் பருவத்தைப் பார்த்துத் தயாரானால், சுங்காய்க்கு அது பாதி மழை போன பிறகு விரித்த குடைதான்.