காலி டப்பாவுக்கு ஒரு மரியாதை

பழனிக்கு அருகே எங்கள் பாலசமுத்திரத்தில் எந்த மளிகைக் கடை வாசலில் நின்றாலும் முதலில் கண்ணில் படுவது ஷாம்பு சரம்தான். பச்சையும் நீலமும் கறுப்புமாக மேலிருந்து கீழ்வரை தொங்கும். அதே கடையின் உள்தட்டில், வெளிச்சம் எட்டாத மூலையில், ஹேண்ட்வாஷ் ரீஃபில் பை ஒன்று சாய்ந்து கிடக்கும். தூசியைத் தட்டித்தான் எடுக்க வேண்டும். "இதை யாருங்க வாங்குறாங்க?" என்று கேட்டால் கடைக்காரர் சிரிக்கிறார்.

தீர்ந்தால் நிரப்பிக்கொள்கிற பழக்கம் நமக்குப் புதிதே இல்லை. குங்குமச் சிமிழைப் பாருங்கள். பித்தளையோ வெள்ளியோ, கல்யாணச் சீரில் வந்தது. மூடியில் சின்னதாக ஒரு மயில் இருக்கும். குங்குமம் மட்டும் அடிவாரக் கடையில் காகிதப் பொட்டலமாக வரும். விபூதிச் சம்படமும் அப்படித்தான். பழனி விபூதிப் பாக்கெட் பிரித்த அன்றே காலி, சம்படமோ மூன்று தலைமுறையாகச் சாமி மாடத்தில் இருக்கிறது. பொட்டலம் அழகாக இல்லையே என்று யாரும் குறைப்பட்டதில்லை. அழகெல்லாம் சிமிழுக்கு, மலிவெல்லாம் பொட்டலத்துக்கு. இந்தக் கணக்கை இன்றைய கம்பெனிகள் தலைகீழாக்கிவிட்டன. பத்து வருஷம் உழைக்கக்கூடிய பாட்டிலை ஒரே மாதத்தில் எறியச் செய்கிறார்கள். ரீஃபில் என்று கேட்டால், சுயமாக நிற்கக்கூடத் தெரியாத ஒரு பையில் பச்சை இலையை அச்சடித்து, பூமியைக் காப்பாற்றுங்கள் என்கிறார்கள். தலைக்குக் குளிக்க வந்தவளிடம் பூமியை ஒப்படைப்பது கொஞ்சம் அதிகம்.

அந்தப் பையைக் குளியலறையில் பிரித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அவஸ்தை தெரியும். ஈரக் கையால் மூலை கிழியாது. கத்தரிக்கோல் தேடி எடுத்து வெட்டினால் வெட்டு அகலமாகிவிடும், பாட்டில் வாயோ சுண்டுவிரல் அகலம். பாதி உள்ளே போகும், பாதி பாட்டில் முதுகில் வழியும். வழுக்கும் பாட்டிலைத் தூக்கி, பையை முறுக்கிப் பிழிந்தாலும் அடியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்னும். பையை வடிவமைத்தவர் ஒருநாளாவது அதிலிருந்து ஊற்றிப் பார்த்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம். பாட்டிலைவிடப் பையில் பிளாஸ்டிக் குறைவு என்பது உண்மைதான். ஆனால் பல அடுக்கு ஒட்டிச் செய்த பை என்பதால், காயலான் கடைக்காரர் அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை.

காலிக்கு விலை வைத்தால் நம் ஊர் என்ன செய்யும் என்பதற்கு நல்ல பாடம் ஷாம்பு பாக்கெட்டிலேயே இருக்கிறது. ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து ஏழைக்கும் விற்கலாம் என்ற யோசனை கடலூர் சின்னிகிருஷ்ணனுடையது. அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் தனியாகத் தொடங்கிய நிறுவனம்தான் பின்னாளில் கெவின்கேர் ஆனது. அவர் ஒரு திட்டம் போட்டார்: எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் சரி, ஐந்து காலி பாக்கெட் கொண்டு வந்தால் தன் சிக் ஷாம்பு பாக்கெட் ஒன்று இலவசம். பிறகு, சிக் பாக்கெட்டின் காலி மட்டும்தான் செல்லும் என்று மாற்றினார். விற்பனை எகிறியது. சுற்றுச்சூழல் அக்கறையால் செய்ததல்ல, சுத்தமான வியாபாரத் தந்திரம். ஆனாலும் காலி பாக்கெட்டுகளைச் சனங்கள் தேடித் திரட்டினார்கள் அல்லவா, அதுதான் எனக்கு முக்கியம்.

நீலகிரியில் 2022 மே மாதம் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலியைத் திருப்பினால் பணத்தைத் தரும் திட்டம் வந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் நெருக்குதலில் வந்த திட்டம். காட்டில் உடைந்து கிடந்து யானையின் காலைக் கிழித்திருக்கக்கூடிய பாட்டில்கள் வரிசையில் நின்று திரும்பி வந்தன. வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பவருக்கும் பத்து ரூபாய் ஞாபகம் இருக்கிறது. ஷாம்பு பாட்டிலுக்கு மட்டும் ஏன் இது ஆகாது?

எங்கள் மலைக்கு மேலே கொடைக்கானலில் ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர், குளிர்பான பாட்டிலுக்குத் தடை; கையில் இருந்தால் இருபது ரூபாய் பசுமை வரி. ஆனால் விடுதிக் குளியலறையில் கட்டைவிரல் அளவு ஷாம்பு பாட்டில் இருந்தால் அந்தத் தடை அதைத் தொடாது. மேரியட் போன்ற பெரிய விடுதிக் குழுமங்கள் 2019-லேயே குட்டி பாட்டில்களை விட்டுவிட்டு, சுவரில் பொருத்தும் பம்ப் பாட்டிலுக்கு மாறுவதாக அறிவித்துவிட்டன. மத்திய அரசும் பிளாஸ்டிக் கழிவு விதிகளை 2022-ல் திருத்தியபோது, கெட்டிப் பாட்டில்களை மறுபடி பயன்படுத்தும் கடமையை 0.9 லிட்டரும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்குத்தான் வைத்தது. நம் வீட்டு 180 மில்லி பாட்டில் இங்கேயும் தப்பிவிட்டது.

நிரப்பிக் கொடுப்பதில் நம்பிக்கைச் சிக்கலும் உண்டு, அதை மறைக்க வேண்டாம். நல்ல கம்பெனியின் காலி பாட்டிலில் போலிச் சரக்கு அடைத்து விற்பவர்கள் இருக்கும் நாட்டில், கடையில் குழாயைத் திறந்து பிடித்துக் கொடுத்தால், உள்ளே என்ன இருக்கிறதோ என்ற பயம் நியாயமானது. ஈரப் பாட்டிலில் ஊற்றினால் சரக்கு கெடும் என்பதும் நிஜம். ஆனால் செக்கு எண்ணெய்க்குத் தூக்குவாளி கொண்டுபோகிறவர்கள்தாமே நாம்? எண்ணெய் கண்முன்னே ஆடுகிறது, ஆட்டுகிறவரைத் தெரியும், அதனால் நம்புகிறோம். இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் அனிதா ராடிக் 1976-ல் பாடி ஷாப் கடையைத் திறந்தபோது, போதுமான பாட்டில் வாங்கக் காசில்லாமல்தான் காலியைக் கொண்டுவரச் சொன்னார். அவரும் கடையில் நின்ற ஆளாக இருந்ததால் நடந்தது. கம்பெனி உலகம் முழுக்கப் பரவியபின் அந்தப் பழக்கம் தேய்ந்துபோய், 2021 வாக்கில்தான் அதைத் திரும்பப் பெரிதாகத் தொடங்கினார்கள்.

விலை விஷயம் எல்லாவற்றையும்விடக் கறாரானது. ஷாம்பு பாட்டிலைவிடப் பாக்கெட்டில் மில்லிக்கு விலை குறைவு என்பது நம் நாட்டின் வினோதம்; இந்தக் கணக்கு எங்கள் ஊர்ப் பெண்களுக்கு மனப்பாடம். ஆகவே ரீஃபில் போட்டியிட வேண்டியது பாட்டிலோடு அல்ல, வாசலில் தொங்கும் அந்தச் சரத்தோடு. கோத்ரெஜ் 2018-ல் பதினைந்து ரூபாய்க்குக் கைகழுவும் தூளை விட்டது. தண்ணீரை நாமே ஊற்றிப் பழைய பாட்டிலில் கலக்கிக்கொள்ளலாம். லாரியில் தண்ணீரைச் சுமக்கும் செலவு மிச்சம், அந்த மிச்சம் விலையிலும் தெரிந்தது. இதுதான் சரியான வழி என்பேன்.

கம்பெனிக்காரர்களுக்கு என் கோரிக்கை இவ்வளவுதான்: வாய் அகலமாக, எடுத்துவைத்தால் அழகாக, பெண்ணுக்குச் சீராகக் கொடுக்கலாம் போல ஒரு பாட்டிலை ஒருமுறை விற்றுவிடுங்கள். அப்புறம் இலைப்படம் இல்லாத பொட்டலத்தை, பாக்கெட் சரத்தைவிட மலிவாக, அதே வாசலில் தொங்க விடுங்கள். வாசகர்களுக்கும் ஒன்று. பொட்டலத்தில் எம்.ஆர்.பி.யோடு ஒரு மில்லிக்கு எவ்வளவு என்று அலகு விலை போட வேண்டும் என்பது இப்போது சட்டம். அடுத்தமுறை ரீஃபில் பையையும் பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்த எண்ணைப் படியுங்கள். பையில் அது குறைவாக இல்லையென்றால் வாங்காதீர்கள், கடைக்காரரிடம் காரணத்தையும் சொல்லிவிட்டு வாருங்கள்.