அணை உடையுமுன்

மலேசிய ஹாக்கி கோஷ்டி ஒரு பெரும் பந்தயத்தில் தோற்றுத் திரும்பும்போதெல்லாம், அம்பாங் பெச்சா முதல் கோல சிலாங்கூர் வரையுள்ள தேநீர்க் கடைகளிலும் தோட்டத்து வாசல்களிலும் ஒரே வழக்கு நடைபெறக் காண்கிறோம். வழக்காடுவோர் இரு கட்சியார். ஒரு கட்சியார், "வயது சென்றவர்களை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்புங்கள், நான்கு வருஷம் தோற்றாலும் பாதகமில்லை, புதுக் கோஷ்டி பிறக்கட்டும்" என்கின்றனர். மற்றக் கட்சியார், "பேர்பெற்ற ஆட்டக்காரரைத் தொடாதீர்கள், தொட்டால் உள்ள ஜெயமும் போய்விடும்" என்கின்றனர். இவ்விரு கட்சியாரும் தம்முள் எவ்வளவு சண்டையிட்டாலும், ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமையாயிருக்கின்றனர். கோஷ்டியைப் புதுப்பிப்பது ஒரு காலம், ஜெயிப்பது வேறொரு காலம் என்று இருவருமே நம்புகின்றனர். அந்த நம்பிக்கை தவறு என்பதே நமது அபிப்பிராயம்.

அம்பாங் பெச்சா என்னும் மலாய்ப் பெயருக்கு 'உடைந்த அணை' என்பது பொருள் என்பதை நம் வாசகர் அறிவர். 1883-ஆம் ஆண்டில் அங்கிருந்த பழைய அணை பெருமழையில் உடைந்து, கோலக் குபு பட்டினத்தை வாரிக்கொண்டு போயிற்று. ஆங்கில அதிகாரியாயிருந்த செசில் ராங்கிங் என்பாரும் அவ்வெள்ளத்தில் மாண்டார். அணைக்குக் காவலாயிருந்த வெள்ளை முதலையை அவர் சுட்டதே அழிவுக்குக் காரணம் என்று ஊரார் ஒரு கதை சொல்லி வந்தனர். முதலையின்மேல் பழியைப் போட்டுவிட்டால், அணை பழையதாயிற்றே, அதைக் காலாகாலத்தில் பார்த்தவர் யார் என்று கேட்கவேண்டிய அவசியமே இல்லாமற் போகிறதல்லவா?

நமது ஹாக்கிக்கும் ஒரு வெள்ளை முதலை உண்டு. அதன் பெயர் அதிர்ஷ்டம். 2018-ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டில், அரை இறுதியில் இந்தியாவை வென்ற மலேசியா, இறுதிப் பந்தயத்தில் ஜப்பானை எதிர்த்துக் கடைசி நிமிஷம் வரை 6–5 என்று முந்தி நின்றது. அப்போது ஜப்பான் ஒரு கோல் போட்டுச் சமன் செய்தது. பின்னர் ஷூட்-அவுட்டில் 3–1 என்று ஜெயித்தது. தங்கப்பதக்கத்தோடு டோக்கியோ ஒலிம்பிக்குக்குச் செல்லும் நேர்வழியும் கைநழுவிற்று. மறு ஆண்டு லண்டனில் பிரிட்டிஷ் கோஷ்டியிடம் தோற்று, மிஞ்சியிருந்த வழியும் அடைபட்டது. 2000-ஆம் ஆண்டு சிட்னிக்குப் பிறகு டோக்கியோ, பாரிஸ் வரை எந்த ஒலிம்பிக்கிலும் மலேசிய ஆடவர் ஹாக்கி கோஷ்டி ஆடவில்லை. "சில விநாடிகளின் துரதிர்ஷ்டம்" என்று இன்றும் பலர் பெருமூச்சு விடுகின்றனர். கால் நூற்றாண்டு காலம் ஒரு துரதிர்ஷ்டம் நீடிக்குமா என்று எவரும் கேட்பதில்லை.

அன்று ஜகார்த்தாவில் கோல் காத்து நின்றவர் குமார் சுப்பிரமணியம். அப்போது அவருக்கு வயது 38. இந்தியாவுக்கு எதிரான ஷூட்-அவுட்டில் நமக்கு வாழ்வளித்தவர் அவரே. அவரிடம் நாம் குறை காணவில்லை. 38 வயதில் அவர் அவ்விதம் நின்றது அவருக்குப் புகழ். ஆயின், அந்த வயதுவரை அவரையே தேடிக்கொண்டிருக்க வேண்டி வந்ததெனில், அது நிர்வாகத்துக்குப் பழி. மூத்தவர் ஒருவர் நிற்பது தவறன்று. அவர் பக்கத்தில் அவரிடம் கற்றுக்கொண்டு, பெரும் பந்தயங்களிலேயே பழகிக்கொண்டு, ஓர் இளையவர் நில்லாமையே தவறாகும்.

இனி, "எல்லாரையும் ஒரே நாளில் அனுப்பு" என்போரின் வாதத்தைப் பார்ப்போம். 1998-ஆம் ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டில், பூனாவை அடுத்த கட்கியில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த தன்ராஜ் பிள்ளையின் தலைமையில், 32 ஆண்டுகளுக்குப் பின் இந்தியா தங்கம் வென்றது. வென்றுவந்த சில நாட்களுக்குள் தன்ராஜும் மூத்த ஆட்டக்காரர் அறுவரும் நீக்கப்பட்டனர். ஓய்வளித்தோம் என்று அதற்கு ஒரு பெயரும் சூட்டினார்கள். விளைந்தது என்ன? நீக்கிய தன்ராஜையே திரும்ப அழைத்துக்கொண்டு 2000-இல் சிட்னிக்குச் சென்று, ஏழாம் இடத்தோடு மீண்டனர். வெட்டிய மரத்தையே மறுபடி நட்டு நிழல் தேடிய கதை இது.

"1980-இல் மாஸ்கோவில் இந்தியா புது ஆட்டக்காரரோடு சென்று தங்கம் வாங்கவில்லையா?" என்று கேட்பார்கள். வாங்கியது உண்மை. 1975-இல் கோலாலம்பூரில் உலகக் கோப்பையை வென்ற இந்தியா, அடுத்த ஆண்டே மாண்ட்ரியல் ஒலிம்பிக்கின் செயற்கைப் புல்தரையில் ஏழாவதாயிற்று. பிறகு சென்னையைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில், பெரும்பாலும் ஒலிம்பிக்குக்குப் புதியவரான வாலிபர்களோடு சென்று, ஸ்பெயினை 4–3 என்று வென்றது. அது போற்றற்குரியதே. ஆனால் பாகிஸ்தானும் மேற்கு ஜெர்மனியும் ஹாலந்தும் அப்போது பகிஷ்காரம் காரணமாக வரவில்லை என்பதையும் உடன் சொல்லவேண்டும். அதன்பின் அடுத்த ஒலிம்பிக் பதக்கத்துக்கு இந்தியா 41 ஆண்டுகள் காத்திருந்தது. ஒரு முறை பலித்ததை விதியென்று கொள்வது அறிவுடைமையாகாது.

விதியென்று கொள்ளத்தக்கது வேறொன்று உண்டு. 2012-இல் லண்டன் ஒலிம்பிக்கில் அதே இந்தியா 12 நாடுகளில் கடைசியாக வந்தது. அப்போது அவர்கள் நான்கு வருஷம் தோற்றுக்கொண்டிருக்கத் தீர்மானிக்கவில்லை. 2014-இல் ஆசியத் தங்கத்தை வென்றார்கள். 2016 டிசம்பரில் லக்னோவில் அவர்களுடைய இளையோர் கோஷ்டி பெல்ஜியத்தை 2–1 என்று வென்று உலகக் கோப்பை பெற்றது. அன்று அந்த இரண்டு கோல்களைப் போட்ட குர்ஜந்த் சிங், சிம்ரன்ஜித் சிங் இருவரும், சகாக்கள் சிலரும், பெரியோர் கோஷ்டியில் ஒருவர் பின் ஒருவராகப் புகுந்தனர். 2018-இல் சர்தார் சிங் விலகினார், கோஷ்டி சரியவில்லை. 2021-இல் டோக்கியோவில் ஜெர்மனியை 5–4 என்று வென்று வெண்கலம் பெற்றபோது, சிம்ரன்ஜித் இரண்டு கோல்கள் போட்டார். கடைசி விநாடியில் வந்த பெனால்டி கார்னரைத் தடுத்தவரோ 33 வயதான ஸ்ரீஜேஷ். இளமை போட்ட கோலை முதுமை காத்தது. அந்த ஸ்ரீஜேஷ் 36 வயதுவரை ஆடி, 2024-இல் பாரிஸிலும் வெண்கலம் பெற்று விலகினார். அதற்குள் கிருஷன் பகதூர் பாத்தக் பல வருஷங்களாக அவரோடு மாறி மாறிக் காவல் நின்று பழகியிருந்தார். விலகிய ஸ்ரீஜேஷை இளையோர் கோஷ்டிக்குப் பயிற்சியாளராகவும் அமர்த்திக்கொண்டனர்.

இந்த ஏற்பாட்டுக்கு ஆட்டத்தின் சட்டமே இடம் தருகிறது. ஹாக்கியில் 15 நிமிஷப் பகுதிகள் நான்கு. வெளியிலிருப்பவரை எத்தனை தடவை வேண்டுமானாலும் உள்ளே அனுப்பலாம், திரும்ப அழைக்கலாம். ஆகவே, 34 வயது ஆட்டக்காரர் கோஷ்டியில் இருக்கலாமா கூடாதா என்ற கேள்வியே பொருத்தமற்றது. அவர் எத்தனை நிமிஷம் ஆடவேண்டும், மிச்ச நிமிஷங்களில் யார் பழகவேண்டும் என்பதே கேட்கத்தக்க கேள்வி.

மலேசியாவுக்கும் இது தெரியாததன்று. அருள் செல்வராஜ் பயிற்சியில், 2022-இல் ஆசியக் கோப்பை இறுதிவரை சென்றது; அதே ஆண்டு, 1983-இல் தொடங்கிய சுல்தான் அஸ்லான் ஷா கிண்ணத்தை முதன்முறையாக வென்றது. 2023 ஆகஸ்டில் சென்னையில் நடந்த ஆசிய சாம்பியன் கிண்ண இறுதியில், இளைஞர் அபு கமால் அஸ்ராயும், முப்பத்தைந்தை எட்டிய ராஸி ரஹீமும் ஆளுக்கொரு கோல் போட, மலேசியா பாதி ஆட்டத்தில் 3–1 என்று முந்தியது. மூத்தோரும் இளையோரும் சேர்ந்தே ஆடலாம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமோ? ஆனால் பிற்பாதியில் இந்தியா மூன்று கோல்கள் போட்டு 4–3 என்று ஜெயித்தது. ஜகார்த்தாவிலும் சென்னையிலும் நாம் தோற்றது ஆட்டத்தின் பின்பகுதியில். அந்தப் பகுதியில் ஜெயத்தைத் தருபவர் முதல் பதினொருவர் மட்டுமல்லர். வெளியே காத்திருப்போரும், அவர்களுக்கும் பின்னால் நாட்டில் எத்தனை பேர் காத்திருக்கின்றனர் என்பதுமே என்பது நமது துணிபு.

இங்கேதான் இவ்வழக்கு நம் வாசலுக்கு வந்து சேர்கிறது. பால்மரம் வெட்டிய நம் பெரியோருக்கு இதை விளக்கவேண்டியதில்லை. கன்று நட்டால் பால் வெட்ட ஐந்தாறு வருஷம் ஆகும். மரம் இருபத்தைந்து, முப்பது வருஷம் பால் தரும். புத்தியுள்ள எந்தத் துரையும் தோட்டம் முழுவதையும் ஒரே வருஷத்தில் சாய்த்ததில்லை. மரம் காயும்வரை சும்மாயிருந்ததுமில்லை. ஒரு பக்கத்துக் காட்டில் மறுநடவு நடக்கும்போதே மறுபக்கத்து நிரைகளில் பால்வெட்டு நடந்தது. அந்த வருமானத்தில் இந்தக் கன்று வளர்ந்தது. இந்நாளில் பெரும்பாலும் செம்பனையாகிவிட்ட இக்காடுகளிலும் முறை அதுவே. மரத்துக்குத் தெரிந்த கணக்கு மனிதருக்கு ஏன் மறந்தது?

1975-இல் மலேசியா ஹாலந்தை வென்று, உலகில் நான்காவதாக வந்தது. அக் கோஷ்டியின் தலைவர் ஸ்ரீ சண்முகநாதன். உடன் ஆடியவருள் மகேந்திரனும் பாலசிங்கமும் இருந்தனர். அப்பெயர்களைச் சொல்லி நாம் மார்தட்டுகிறோம். 1978-இல் அதே மலேசியா பத்தாவதாக வந்ததை எவரும் சொல்வதில்லை. விழா வைக்கிறோம், பழைய ஆட்டக்காரருக்குப் பொன்னாடை போர்த்துகிறோம், படம் எடுத்துக்கொண்டு கலைகிறோம். அந்த விழாவின் செலவில் எத்தனை சிறுவருக்கு மட்டை வாங்கலாம் என்று எந்தச் சங்கமாவது கணக்கிட்டதுண்டா? தோட்டத்துப் பிள்ளைக்குச் செயற்கைப் புல்தரை என்பது பஸ் ஏறிப் பட்டணம் போய்ப் பார்க்கவேண்டிய பொருளாயிருக்கிறது. தோட்டங்கள் வீட்டு மனைகளாக மாறிய இடங்களில் இருந்த திடலும் போயிற்று. பெண் பிள்ளைகளின் கதி இதனினும் கீழானது. அவள் மட்டையைத் தொடுவதற்கு முன்பே, வீட்டுவேலை அவளை அழைத்துக்கொள்கிறது.

ஆகவே நாம் கேட்பது இது. மூத்தவர் எவரையும் அவமதித்து அனுப்பவேண்டாம். எவரையும் அசைக்கவொண்ணாத தூணாக்கவும் வேண்டாம். ஆண்டுதோறும் இளையவர் இருவர் மூவர் பெரும் பந்தயங்களிலேயே இறங்கட்டும். மூத்தவர் விலகும் காலம் முன்கூட்டியே தீர்மானமாகி, அவர் அறிந்ததை ஒப்படைத்தபின் விலகட்டும். விலகியவரை நம் வட்டாரப் பள்ளித் திடல்களுக்கு அழைத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கச் செய்வோம். சங்கங்கள் வாரத்துக்கு ஒரு நாளாவது வண்டி அமர்த்தி, ஆண்பிள்ளை பெண்பிள்ளை இருபாலாரையும் செயற்கைத் திடலுக்கு அழைத்துச் செல்லட்டும். இவற்றுள் ஒன்றேனும் நம்மால் முடியாததா?

அடுத்த தோல்விக்குப் பிறகும் தேநீர்க் கடையில் அதே வழக்கு எழும். அப்போது வெள்ளை முதலையைப் பற்றிப் பேச வருவோரிடம், உங்கள் தோட்டத்தில், உங்கள் தெருவில், இந்த வருஷம் எத்தனை கன்று நட்டீர்கள் என்று நம் வாசகர் கேட்பாராக.