பழைய காடியின் விலை இறங்குகிறது, பாகத்தின் விலை இறங்கவில்லை

செலாயாங் - செலாயாங் பாரு, பத்துமலை, கெப்போங் வட்டாரங்களில் தகடு தட்டிச் சாயம் அடிக்கும் சிறு பட்டறைகளின் பின்பக்கம் போய்ப் பார்த்தால், தார்ப்பாய் போர்த்திய ஒரு பழைய காடி நிற்பது வழக்கமான காட்சி. டட்சன் 120வை, டொயோட்டா கே.இ.70, வோல்வோ 240 அல்லது முதல் தலைமுறை புரோட்டோன் சாகா. பாதி சாயம் உரித்திருக்கும். கதவுகள் தனியாகச் சுவரில் சாய்ந்திருக்கும். நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் ‘இதுவும் ஒரு முதலீடுதான்’ என்ற நம்பிக்கையில் வாங்கி விடப்பட்ட வண்டிகள் அவற்றில் உண்டு. இன்று மீதிப் பணத்தோடு உரிமையாளர் வருவதில்லை. வேலையை முடிக்கப் பட்டறைக்காரரின் கையிலும் பணமில்லை. வண்டி இடத்தை அடைத்துக்கொண்டு நிற்க, கடை வாடகை மட்டும் மாதாமாதம் போய்க்கொண்டிருக்கிறது.

இது செலாயாங்கில் மட்டும் நடப்பதல்ல. பழைய வண்டிச் சந்தைக்கு உலக அளவில் காற்றடித்ததும் இறங்கியதும் அமெரிக்காவில்தான் முதலில் தெரிந்தது. அங்கே ‘மசல் கார்’ என்று ஓர் இனம் உண்டு. நடுத்தர அளவுள்ள உடலில் பெரிய எட்டு சிலிண்டர் இயந்திரத்தைப் பொருத்திய வண்டிகள். 1964இல் வந்த பொண்டியாக் ஜி.டி.ஓ தொடங்கி எழுபதுகளின் தொடக்கம் வரை அவற்றின் பொற்காலம். அன்று அவற்றை ஆசையோடு பார்த்த பிள்ளைகள், வேலையும் பணமும் சேர்ந்த பிறகு வாங்கினார்கள், விலை ஏறியது. இன்று அவர்களுக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டது. வாங்கியவர்கள் இப்போது விற்கிறார்கள், அல்லது அவர்களுடைய பிள்ளைகள் விற்கிறார்கள்.

பழைய வண்டிகளின் விலையைத் தொடர்ந்து கணக்கெடுத்து வெளியிடும் ஹேகர்டி நிறுவனத்தின் சந்தைக் குறியீடு 2022இல் உச்சத்தைத் தொட்டு, பிறகு படிப்படியாகச் சரிந்தது. காரணம் புதிரல்ல. 2022 தொடக்கத்தில் பூஜ்யத்தை ஒட்டியிருந்த அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி, 2023 ஜூலையில் 5.25 முதல் 5.5 விழுக்காட்டுக்கு ஏறியது. சும்மா நிற்கும் வண்டியில் பணத்தைப் போட்டு வைப்பதைவிட வங்கியில் போட்டாலே வருமானம் என்ற நிலை வந்ததும் வாங்குபவர்கள் ஒதுங்கினார்கள்.

உச்சகாலத்தின் மனநிலைக்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். 1971ஆம் ஆண்டின் பிளிமத் ஹெமி குடா வகையில் கூரை திறக்கும் வண்டிகள் மொத்தம் 11தான் தயாரிக்கப்பட்டன. அவற்றில் ஒன்று 2014இல் 35 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. இன்னொன்றுக்கு 2021 மே மாதம் இண்டியானாபோலிஸ் ஏலத்தில் 48 லட்சம் டாலர் வரை கேட்டார்கள். உரிமையாளர் கொடுக்கவில்லை. இன்னும் ஏறும் என்றுதான் எல்லாரும் நினைத்த காலம் அது.

நம் நாட்டில் இதே கதை வேறு உருவத்தில் நடந்தது. 2020 ஜூலையில் பேங்க் நெகாரா தன் அடிப்படை வட்டியை 1.75 விழுக்காட்டுக்கு இறக்கியது. அது வரை காணாத அளவு. இன்னொரு பக்கம் ஐ-லெஸ்தாரி, ஐ-சினார், ஐ-சித்ரா, 2022இன் சிறப்பு மீட்பு என நான்கு திட்டங்களின் வழியாக ஊழியர் சேமநிதியிலிருந்து 81 லட்சம் பேர் 14,500 கோடி வெள்ளியை வெளியே எடுத்தார்கள். அதில் பெரும்பகுதி அரிசிக்கும் வாடகைக்கும் கடனுக்கும் போயிருக்கும். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு பகுதி யமஹா ஆர்.எக்ஸ்.இசட்டுக்கும், 125 இசட்.ஆருக்கும், அப்பா ஓட்டிய மாதிரியே ஒரு சாகாவுக்கும் போனது என்பது பட்டறைத் தெருவில் அனைவரும் அறிந்ததுதான். பேஸ்புக்கில் ஒருவர் ஒரு விலை போட்டால், மறுநாள் அடுத்தவர் அதற்கு மேல் போட்டார்.

பிறகு 2023 மே மாதத்தில் வட்டி 3 விழுக்காட்டுக்கு வந்தது. சேமநிதிப் பணமும் தீர்ந்தது. பொதுவாக வங்கிகள் இவ்வளவு பழைய வண்டிக்குத் தவணைக் கடன் கொடுப்பதில்லை. ஆகவே இந்தச் சந்தை ரொக்கத்தையும், கூட்டுறவுக் கடனையும், தனிநபர் கடனையும் நம்பியே ஓடுகிறது. ரொக்கம் வற்றினால் சந்தையும் வற்றும். விளம்பரத்தில் பழைய விலை அப்படியே இருக்கும். ஆனால் அதே விளம்பரம் ஆறு மாதமாக அங்கேயே இருக்கும். விலை இறங்கியதற்கு அதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

காடியின் விலை இறங்கினால் வாங்குபவருக்கு நல்லதுதானே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம்: ஒருவர் துருப்பிடித்த கே.இ.70 ஒன்றை 8,000 வெள்ளிக்கு வாங்குகிறார். தகடு வெட்டி ஒட்டிச் சாயம் அடிக்க 10,000. இயந்திரம், பிரேக், ஒயரிங் எல்லாம் சேர்த்து 7,000. மொத்தம் 25,000. சந்தை உச்சத்தில் இருந்தபோது அந்த வண்டி 28,000க்குப் போயிருந்தால் மிச்சம் 3,000. இன்று அது 20,000க்குத்தான் போகும் என்றால், 8,000 வெள்ளிக்கு வாங்கிய வண்டியை அவருக்குச் சும்மாவே கொடுத்தாலும் லாபம் 3,000தான். விற்பனை விலை இறங்கியது. பட்டறைக் கூலியும் பாகத்தின் விலையும் அதோடு சேர்ந்து இறங்கவில்லை. ஆகவே அடி முழுவதும் விழுவது புதுப்பிக்கும் வேலையின் மேல்தான்.

பாகத்தின் விலை ஏன் இறங்கவில்லை? அமெரிக்காவில் மஸ்டாங், கமேரோ போன்ற வண்டிகளின் முழு உடலையே இன்று புதிதாக அச்சடித்து விற்கிறார்கள். கதவு, பானட், தரைத்தகடு என்று எது வேண்டுமானாலும் பட்டியலைப் பார்த்து வாங்கலாம். நம்மூரில் ஓடிய வண்டிகளுக்கு அந்த வசதியில்லை. டொயோட்டா 2021இல் ஏ.இ.86 வண்டிக்குச் சில பாகங்களை மறுபடி தயாரிக்கத் தொடங்கியது. நிஸ்ஸான் ஆர்32 ஜி.டி.ஆருக்குச் செய்தது. அவை புகழ்பெற்ற வண்டிகள். டட்சன் 120வையின் பின்கண்ணாடி ரப்பருக்காக யாரும் தொழிற்சாலை திறக்கப்போவதில்லை.

இங்கே புதுப்பிக்கும் வேலைக்கு அடித்தளமாக இருப்பது ‘ஹாஃப்-கட்’. ஜப்பானில் வண்டியைப் பாதியாக வெட்டி, முன்பாதியை இயந்திரம், கியர்பெட்டி, ஒயரிங்கோடு கொள்கலனில் ஏற்றி அனுப்புவார்கள். அது கிள்ளான் துறைமுகத்தில் இறங்கி, அங்கிருந்து பள்ளத்தாக்கு முழுவதும் பிரிந்து போகும். புரோட்டோன் வீராவுக்குள் மிட்சுபிஷியின் பெரிய இயந்திரத்தை இறக்கி ஓட்டும் நம் இளைஞர்களின் மோகம் இந்த வியாபாரத்தில் பிறந்ததுதான். வீரா லான்சரின் உடன்பிறப்பு என்பதால் பாகங்கள் சுலபமாகப் பொருந்தும். அமெரிக்கரின் மசல் காருக்கு நம்மூரில் ஒரு பங்காளி உண்டென்றால் அது இந்த வீராதான்.

ஜப்பானிய நாணயம் விழுந்ததால் இயந்திரங்கள் மலிந்திருக்க வேண்டும். 2020இல் 100 யென்னுக்கு ஏறக்குறைய 4 வெள்ளி. 2024 நடுவில் 3 வெள்ளியை ஒட்டி. ஆனால் ஜப்பானில் வண்டிகள் கட்டாயச் சோதனைச் செலவுக்குப் பயந்து சீக்கிரமே சாலையை விட்டுப் போய்விடுகின்றன. இன்று வெட்டுக்கு வருபவை பெரும்பாலும் பத்துப் பதினைந்து, இருபது ஆண்டு வண்டிகள். நாற்பது ஆண்டு கே.இ.70 அங்கேயே அரிது. போதாக்குறைக்கு, 25 ஆண்டு தாண்டிய வெளிநாட்டு வண்டிகளைத் தாராளமாக இறக்குமதி செய்ய அமெரிக்கச் சட்டம் இடம் தருவதால், தொண்ணூறுகளின் நல்ல ஜப்பானிய வண்டிகளுக்கு அங்கிருந்தும் போட்டி. யென் விழுந்த லாபம் பொதுவான இயந்திரங்களில் தெரிகிறது. பழைய விளக்கு, கிரில், டேஷ்போர்டு ஆகியவற்றில் தெரிவதில்லை.

இதன் விளைவு கொஞ்சம் கொடூரமானது. முழு வண்டிக்குக் கிடைக்கும் விலையைவிட, அதைப் பிரித்து விளக்கு தனி, கதவு தனி, இயந்திரம் தனி என்று விற்றால் கூடுதல் பணம். ஆகவே ஓடக்கூடிய வண்டிகளே வெட்டப்படுகின்றன. ஒரு வண்டி வெட்டப்படும்போது நாலு வண்டிகள் ஓடும் என்பது உண்மைதான். ஆனால் அடுத்த பத்து ஆண்டுகளில் வெட்ட எது மிஞ்சும்?

அரசாங்கக் கொள்கையும் இந்த வியாபாரத்தை ஒரே திசையில் இழுத்ததில்லை. 2009 மார்ச் மாதத்தில், பத்து ஆண்டுக்கு மேற்பட்ட வண்டியை ஒப்படைத்துப் புதிய புரோட்டோன் அல்லது பெரோடுவா வாங்கினால் 5,000 வெள்ளி கழிவு என்று அறிவித்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் வந்த வாகனக் கொள்கை மறுஆய்வு, 15 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு ஆண்டுதோறும் கட்டாயச் சோதனை என்றது. பழைய வண்டியைத் தவிர வேறு வழியில்லாத மக்கள் கொதித்ததும் அது கைவிடப்பட்டது. 2011 ஜூன் முதல் பயன்படுத்திய பாகங்களின் இறக்குமதிக்குத் தடை என்றும் அதே மறுஆய்வு சொன்னது. வியாபாரிகள் எதிர்த்தார்கள், அதுவும் தள்ளிப்போனது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் மறுபடி ஒரு கழிவு: 20 ஆண்டு கடந்த வண்டியைக் கழித்துவிட்டு உள்நாட்டு வண்டி வாங்குவோருக்கு 4,000 வெள்ளி வரை.

இந்த 4,000தான் இப்போது பல வீடுகளில் பேச்சு. தாத்தா தோட்டத்தில் கிராணியாக இருந்தபோது வாங்கிய மோரிஸ் மைனரோ, அப்பா முதல் சம்பளத்தில் எடுத்த சாகாவோ கொட்டகையில் நிற்கிறது. 1985 ஜூலை 9இல் வெளிவந்த அந்தச் சாகா, தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்த எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்கு முதல் காடி. கழித்துவிடுவதா, வைத்துக்கொள்வதா, விற்பதா? தினமும் ஓட்டி இயந்திரம் களைத்துப்போன இஸ்வாராவைக் கழிப்பதில் நஷ்டமில்லை. ஆனால் துரு ஏறாத, முதல் சாயம் போகாத, பத்திரங்கள் சரியாக உள்ள ஒரு முதல் தலைமுறை சாகாவை 4,000க்குக் கழித்தால், பிறகு அதே வண்டியைத் தேடித்தான் அலைய வேண்டியிருக்கும். விலைச் சரிவில் முதலில் அடிபடுவது நடுத்தர வண்டிகள், அதாவது அரைகுறையாகப் புதுப்பித்தவை, எண் பொருந்தாதவை. அசலாக நிற்பவை அவ்வளவு சீக்கிரம் அசைவதில்லை. அமெரிக்கச் சந்தையும் இதையே காட்டுகிறது.

பத்திரம் என்பது சின்ன விஷயமல்ல. வண்டி இறந்துபோன தாத்தா பெயரிலேயே இருந்தால், வாரிசுப் பத்திரம் இல்லாமல் ஜே.பி.ஜே பெயர் மாற்றாது. சிறு சொத்துகளுக்கு அமானா ராயாவை அணுகலாம். ஹாஃப்-கட் இயந்திரம் இறக்கியிருந்தால், வாங்கிய ரசீதும் சுங்கப் பத்திரமும் இருக்க வேண்டும். புஸ்பாகோம் சோதனையும் ஜே.பி.ஜே அனுமதியும் பெற்று, கிரான்ட்டில் உள்ள எண்ணும் இயந்திரத்தின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 20,000 வெள்ளி செலவழித்த வண்டியைப் பாக விலைக்கு மேல் எவரும் கேட்கமாட்டார்கள். சாலைத் தடுப்பில் பறிமுதலானால் அதுவும் இல்லை.

வண்டி வைத்திருப்பவருக்கு ஆவது ஆகட்டும், விற்றுவிட்டு வேறு வேலை பார்க்கலாம். பட்டறைக்காரருக்கு அப்படியில்லை. தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாக மாறியபோது டவுனுக்கு வந்த நம்மவர்களில் பலர் லாரிக்கும் பட்டறைக்கும்தான் போனார்கள். சுத்தியலும் கட்டையும் வைத்து வளைந்த தகட்டை நேராக்கும் அந்தக் கை, பள்ளிக்கூடத்தில் படித்து வந்ததல்ல. மூத்தவர் பக்கத்தில் நின்று கற்றது. இன்றைய வண்டிகளில் அடிபட்ட பாகத்தைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக மாட்டுகிறார்கள். தட்டும் வேலை குறைவு. பழைய காடிகளே அந்தக் கைகளுக்குக் கூலி கொடுத்து வந்தன. முன்பணம் மட்டும் வாங்கி, எழுத்தில் எதுவும் இல்லாமல் வேலையை ஏற்கும் பழக்கம் நல்ல காலத்தில் சரிப்பட்டது. இப்போது பின்பக்கம் நிற்கும் தார்ப்பாய் வண்டிகள் அதனால்தான் நிற்கின்றன. தகட்டு வேலை முடிந்ததும் இவ்வளவு, சாயத்துக்கு முன் இவ்வளவு என்று கட்டம் பிரித்துப் பணம் வாங்கும் பட்டறைகள் இந்தச் சரிவை ஓரளவு தாங்குகின்றன.

வகுப்புக்குப் போகாமலே அனுபவத்தைக் காட்டி மலேசியத் திறன் சான்றிதழ் பெற மனிதவள அமைச்சின் திறன் மேம்பாட்டுத் துறையில் வழி இருக்கிறது. அந்தச் சான்றிதழ் கையில் இருந்தால் காப்புறுதி நிறுவனப் பட்டறைகளிலோ பயிற்சி நிலையங்களிலோ வேலை கேட்கலாம். தெக்குனின் ஸ்பூமி கடனுக்கு மனுப் போடும்போதும் பேச ஒரு பத்திரம் இருக்கும். ஆனால் அனுபவத்தை நிரூபிக்கச் செய்த வேலைகளின் படங்களும் பதிவுகளும் கேட்பார்கள். முப்பது ஆண்டாகத் தகடு தட்டியவர்கள் பலரிடம் பில் புத்தகமே கிடையாது.