படம் பிடிப்பதா, படம் வரைவதா?

பள்ளிச் சுற்றுலா முடிந்து பேருந்து திரும்பும்போது, மாணவர்களின் கைப்பேசிகளில் நூற்றுக்கணக்கான படங்கள் நிறைந்திருக்கின்றன. கோயில் கோபுரம், கடைத்தெரு, மதிய உணவு, நண்பர்களின் சிரித்த முகங்கள் என எதுவும் விடுபடுவதில்லை. ஆனால், ஒரு வாரம் கழித்து, “அந்தக் கோபுரத்தில் என்னென்ன சிலைகள் இருந்தன? கடைத்தெருவில் என்ன மணம் வீசியது?” என்று கேட்டால், பலரும் விழிக்கிறார்கள். பயணம் செல்லும் ஒவ்வொரு மாணவரின் பையிலும் ஒரு சிறிய குறிப்பேடும் பென்சிலும் இருக்க வேண்டும் என்பதற்கு இதுவே முதல் காரணம்.

இந்த மறதியை ஆய்வும் சுட்டிக்காட்டியுள்ளது. அமெரிக்க உளவியலாளர் லிண்டா ஹெங்கல் தம் ஆய்வு முடிவுகளை 2014ஆம் ஆண்டு வெளியிட்டார். அரும்பொருளகம் ஒன்றைச் சுற்றிப் பார்த்த மாணவர்கள் சில பொருள்களைப் படம் பிடித்தனர். வேறு சிலவற்றைக் கண்ணால் மட்டும் பார்த்தனர். பின்னர்ச் சோதித்தபோது, படம் பிடித்த பொருள்களைவிடக் கண்ணால் பார்த்த பொருள்களே அவர்கள் நினைவில் நன்றாக நின்றன. ஆயினும், பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கமாகக் குறிவைத்துப் படம் பிடித்தபோது அந்த மறதி ஏற்படவில்லை. ஆகவே, குறை புகைப்படக் கருவியில் இல்லை. கவனிக்காமல் படம் எடுத்துவிட்டு நகரும் பழக்கத்தில்தான் இருக்கிறது.

வரைபவரால் அப்படி நகர முடியாது. சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில், கெர்பாவ் சாலையில், டான் டெங் நியா இல்லம் இருக்கிறது. 1900ஆம் ஆண்டு கட்டப்பட்ட அந்த வீடு இன்று பல வண்ணங்களில் காட்சியளிக்கிறது. சுற்றுப்பயணிகள் பலர் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு சில விநாடிகளில் கிளம்பிவிடுகிறார்கள். அதையே வரைய உட்காரும் மாணவர், சன்னல்களை எண்ண வேண்டும். கூரையின் சாய்வை அளந்து பார்க்க வேண்டும். நிழல் எங்கே விழுகிறது என்று கவனிக்க வேண்டும். பார்க்கப் பார்க்க மனத்தில் கேள்விகள் எழும். இந்தியக் கடைகள் சூழ்ந்த இடத்தில் ஒரு சீனரின் மாளிகை எப்படி வந்தது? விடையைத் தேடினால், டான் டெங் நியா மிட்டாய்த் தொழில் நடத்தியவர் என்பது தெரியவரும். அந்த வட்டாரத்தில் ஒரு காலத்தில் சீனர்களும் தொழில் செய்து வாழ்ந்தார்கள் என்பதும் புரியும். படைப்பாற்றலின் தொடக்கம் இத்தகைய கேள்விதான்.

“எனக்கு வரையத் தெரியாதே!” என்று பல மாணவர்கள் தயங்குவது இயல்பு. அந்தத் தயக்கம் தேவையற்றது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சொற்களை எழுதிப் பார்ப்பதைக் காட்டிலும் அவை குறிக்கும் பொருள்களை வரைந்து பார்ப்பது நினைவாற்றலுக்கு அதிகம் உதவுகிறது என்று 2016இல் வெளியிட்ட ஆய்வில் கண்டறிந்தனர். அதற்கு ஓவியத் திறமை தேவைப்படவில்லை. சில விநாடிகளில் கிறுக்கிய படமும் பயன் தந்தது. கோணலாக வந்த கோபுரமும் வரைந்தவரின் நினைவில் நேராகவே நிற்கும். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பதுபோல, தொடர்ந்து வரைந்தால் கை தானாகப் பழகிவிடும்.

வரைவதோடு எழுதுவதும் சேர வேண்டும். மணத்தையும் ஓசையையும் உரையாடலையும் கோடுகளால் மட்டும் காட்டிவிட முடியாது. மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லா 1838ஆம் ஆண்டு சிங்கப்பூரிலிருந்து கிளந்தானுக்குக் கப்பலில் சென்றார். தமிழரும் அரபியரும் கலந்த வழியில் வந்த அவர், தமிழும் அறிந்தவர். வழியில் பாகாங்கிலும் திரங்கானுவிலும் தாம் கண்டவற்றை மலாய் மொழியில் எழுதி வைத்தார். மக்கள் எப்படி வாழ்ந்தார்கள், ஆட்சி எப்படி நடந்தது என்று கேட்டும் பார்த்தும் குறித்தார். தமக்குச் சரியென்று படாதவற்றைத் துணிந்து விமர்சித்தார். ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தப் பயணக் குறிப்பு படிக்கப்படுகிறது. வெறுமனே பார்த்ததோடு நில்லாமல், பார்த்ததைப் பற்றி அவர் சிந்தித்து எழுதியதே அதற்குக் காரணம்.

பயணத்தில் கண்டவை பின்னாளில் புதிய படைப்பாகவும் மலரலாம். 1952ஆம் ஆண்டு லியூ காங், சென் சோங் சுவீ, சென் வென் சி, சியோங் சூ பியெங் ஆகிய நான்கு சிங்கப்பூர் ஓவியர்கள் பாலித் தீவுக்குச் சென்றனர். அங்குக் கண்ட மக்களையும் வாழ்க்கையையும் அடிப்படையாகக் கொண்டு வரைந்த ஓவியங்களை மறு ஆண்டே சிங்கப்பூரில் காட்சிக்கு வைத்தனர். நன்யாங் ஓவியப் பாணியின் வளர்ச்சியில் அந்தப் பயணம் ஒரு திருப்புமுனையாகப் போற்றப்படுகிறது. லியூ காங் அப்பயணத்தில் புகைப்படங்களும் எடுத்தார். கருவியும் கையும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு அவரே சான்று.

“தேர்வுக்குப் படிக்கவே நேரம் போதவில்லை; இதற்கு ஏது நேரம்?” என்று சில பெற்றோர் கேட்கலாம். அது நியாயமான கேள்விதான். ஆனால், இதற்குத் தனி வகுப்போ விலையுயர்ந்த வண்ணங்களோ தேவையில்லை. ஒரு சுற்றுலாவில் இருபது நிமிடம் ஓரிடத்தில் அமர்ந்தால் போதும். ஒரு படம், நான்கு வரி, நாள், இடம் ஆகியவை ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். உணவங்காடி நிலையத்தில் தேநீர் ஆற்றுபவரின் கையசைவும், பேருந்து நிறுத்தத்தில் மழைக்கு ஒதுங்கியவர்களும்கூட நல்ல பாடங்களே. பயணம் என்பது வெளிநாடாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

பள்ளிகள் இதை ஊக்குவிக்க வேண்டும். ஆனால், அந்தக் குறிப்பேட்டுக்கு மதிப்பெண் போடக்கூடாது. மதிப்பெண் வந்துவிட்டால், மாணவர் தாம் கண்டதை வரையமாட்டார். ஆசிரியருக்குப் பிடிக்கும் என்று நினைப்பதையே வரைவார். அழகாக வரையும் நண்பரின் பக்கத்தைப் பார்த்துத் தம் பக்கத்தைக் கிழித்தெறிவார். மாணவரின் நாள் முழுவதும் ஏதேனும் ஒன்று அளக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. தவறு செய்தாலும் யாரும் சிவப்பு மையால் சுழிக்காத ஒரு சில பக்கங்களாவது அவருக்கென்று இருக்க வேண்டும். விரும்பினால் அவர் பிறரிடம் காட்டட்டும். விரும்பாவிட்டால் தமக்குள் வைத்துக்கொள்ளட்டும்.

நகரங்கள் வேகமாக மாறுகின்றன. இன்று இருக்கும் கடை நாளை இல்லாமல் போகலாம். அந்தத் தெருவில் நடந்த மாணவரும் வளர்ந்து வேறொருவராகிவிடுவார். அவர் பதினான்கு வயதில் உலகை எப்படிப் பார்த்தார் என்பதை அந்தக் குறிப்பேடு காட்டும். அடுத்த சுற்றுலாவுக்குப் பையைத் தயார்செய்யும்போது, தண்ணீர்ப் புட்டியின் பக்கத்தில் அதற்கும் ஓர் இடம் ஒதுக்குவது நல்லது.