சயனைட் மேட்டில் யாருக்கு என்ன வேலை?

கோலார் தங்கவயலில் 13 சயனைட் மேடுகள் இருக்கின்றன. மூடிக்கிடக்கும் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனத்தின் நிலத்தில், சுமார் ஆயிரம் ஏக்கரில், ஏறத்தாழ 3.3 கோடி டன் கழிவு மண் அங்கே குவிந்து கிடக்கிறது. அதைக் கிளறி மறுபடியும் தங்கம் எடுக்க மத்திய அரசு முன்வைத்த திட்டத்துக்கு 2024 ஜூன் மாதம் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. டன்னுக்கு ஒரு கிராம் தங்கம்கூடத் தேறாத மண்தான். ஆனால் இன்றைய தங்க விலையில் அதுவே பெரும் பணம்.

மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் உரிகத்திலும் லைன் வீடுகளில் வாழும் குடும்பங்களுக்கு இந்தச் செய்தியில் முக்கியமான சொல் ஒன்றுதான்: வேலை. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அந்த ஆண்டு பிறந்த பிள்ளைகள் இப்போது இருபதைத் தாண்டிவிட்டார்கள். விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூரு போய், செக்யூரிட்டி வேலையோ ஹவுஸ்கீப்பிங் வேலையோ பார்த்துவிட்டு இருட்டிய பிறகு வீடு திரும்பும் ஊர் அது. அந்த ஊரில் மறுபடியும் தங்கம் என்றால் ஆசை வரத்தான் செய்யும்.

அந்த ஆசையைக் குலைப்பதாகத் தோன்றினாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இது ஷாஃப்டில் கேஜ் இறங்கி ஆயிரக்கணக்கானோர் பாறையை உடைக்கும் வேலை அல்ல. ஒரு காலத்தில் 30,000 பேருக்கு மேல் கூலி கொடுத்த தங்கவயல் இதனால் திரும்பி வராது. கழிவு மண்ணை அள்ளுவது இயந்திரம். ஆலையில் கரைத்துப் பிரிப்பதும் பெரும்பாலும் இயந்திரம்தான். மனிதர்கள் தேவைப்படும் இடங்கள் வேறு: மாதிரி எடுத்துச் சோதிக்கும் ஆய்வுக்கூடம், நில அளவை, ஆலையை இயக்குவது, காற்றிலும் கிணற்றுத் தண்ணீரிலும் சயனைடும் ஆர்சனிக்கும் கலக்கிறதா என்று கண்காணிப்பது, மேடு கரைந்த பிறகு அந்த நிலத்தில் புல்லும் மரமும் பிடிக்க வைப்பது. படித்தவர்களுக்கான வேலைகள் இவை. இவற்றுக்கான ஆட்கள் தங்கவயலிலிருந்து வருவார்களா, அல்லது தங்கவயல்காரர்களுக்கு மறுபடியும் கேட் காவலும் மண் அள்ளும் ஒப்பந்தக் கூலியும்தான் மிஞ்சுமா? மேடுகளை ஏலம் விடுவதற்கு முன் தீர்க்க வேண்டிய கேள்வி இது.

ஏனென்றால், இந்த ஊரில் ஒருமுறை அப்படித்தான் நடந்தது. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தபோது வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் தமிழ் பேசும் தலித் குடும்பங்கள் சாரிசாரியாக வந்தன. 2024-இல் வெளிவந்த ‘தங்கலான்’ படம் அந்தக் கதையைத் தொட்டது. மேலதிகாரிகள் ஐரோப்பியர்கள், இடைநிலைப் பதவிகளில் ஆங்கிலோ இந்தியர்கள், பாதாளத்தில் தமிழர்கள் என்று வேலை பிரிந்திருந்தது. தொழிலாளிகளின் கைரேகையைப் பதிவு செய்யக் கம்பெனி முனைந்தபோது, 1930-இல் அதை எதிர்த்துப் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. கைரேகையைக் கேட்ட கம்பெனி, அந்தக் கைகளுக்குத் தெரிந்ததற்குச் சான்றிதழ் தர நினைக்கவில்லை.

அந்தக் கைகளுக்குத் தெரிந்தது கொஞ்சமல்ல. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பாறை திடீரென்று வெடித்துச் சிதறும் ராக் பர்ஸ்ட் எத்தனையோ உயிர்களைக் கொண்டுபோயிருக்கிறது. உள்ளே இறங்கும் தொழிலாளிக்குக் கூரையின் சத்தமே பாடம். தட்டிப் பார்த்து எது நிற்கும், எது விழும் என்று சொல்லத் தெரிந்தவர்தான் மாலையில் வீடு திரும்பினார். பாறை இயக்கவியலுக்கான தேசிய ஆய்வு நிறுவனம் 1988-இல் தங்கவயலில் தொடங்கப்பட்டது தற்செயல் அல்ல. அதற்கும் முன்பு, 1965-இல், வளிமண்டல நியூட்ரினோக்களை உலகில் முதலில் பதிவு செய்த சோதனைகளில் ஒன்றை இதே சாம்பியன் ரீஃபின் ஆழத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகம் முன்னின்று நடத்தியது. உலக அறிவியல் வந்து இறங்கிய ஊர். ஆனால் அந்த ஊர்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குச் சுரங்கப் பொறியாளராகவோ நிலவியலாளராகவோ ஆகும் வாய்ப்பு கிடைத்தது?

தங்கவயல் தமிழர்கள் பழங்குடிகள் அல்லர். சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்டுப் பிழைப்பு தேடி வந்தவர்கள். ஆனால் இயற்கை வளத்தை நம்பி வாழும் மக்களுக்கு நாட்டில் நேரும் கதியைப் பார்த்தால், காட்டிலிருக்கும் ஆதிவாசியும் சுரங்கத்திலிருந்த தலித்தும் ஒரே இடத்தில்தான் நிறுத்தப்பட்டிருக்கிறார்கள். வளம் எங்கே இருக்கிறது என்று காட்டுகிறவர்கள் அவர்கள். அதை நிர்வகிக்கும் நாற்காலியில் உட்காருகிறவர் வேறொருவர்.

இதற்கு மாறாக நடந்த இடமும் உண்டு. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. அந்தச் சிவசமுத்திரத்துக்குத் தெற்கே பிளிகிரிரங்கன மலை. அங்கே சோலிகர் பழங்குடிகள் இருக்கிறார்கள். காட்டுக்குள் கோடை முற்றுவதற்கு முன் சருகுக்குச் சிறு தீ வைப்பது அவர்களின் பழைய வழக்கம். 1974-இல் சரணாலயம் வந்தது, தீ தடுக்கப்பட்டது. பிறகு உண்ணிச்செடி காட்டையே மூடியது. நெல்லி மரங்களைப் புல்லுருவி பிடித்து உறிஞ்சுவது அதிகமானதற்கும் தீ நின்றதே காரணம் என்று சோலிகர்கள் சொன்னார்கள். நெல்லி பறிக்கிறவர்களின் பேச்சு என்று யாரும் தள்ளிவிடாமல் விஞ்ஞானிகள் அதை எடுத்து ஆராய்ந்தார்கள், ஆய்விதழிலும் வந்தது. 2011-இல், புலிகள் காப்பகத்துக்குள்ளேயே சமூக வன உரிமை பெற்ற முதல் மக்களாகச் சோலிகர்கள் ஆனார்கள். டாக்டர் எச். சுதர்சன் 1981-இல் தொடங்கிய விவேகானந்தா கிரிஜன கல்யாண கேந்திராவின் பள்ளி அந்த மலையில் பல தலைமுறைப் பிள்ளைகளைப் படிக்க வைத்தது. சி. மாதேகவுடா போன்ற சோலிகர்கள் முனைவர் பட்டம் பெற்று, தங்கள் காட்டைப் பற்றித் தாங்களே ஆய்வு செய்யும் நிலைக்கு வந்தார்கள். பள்ளி, வன உரிமைச் சட்டம், ஆய்வு நிறுவனம் மூன்றும் ஒரே மலையில் சேர்ந்தபோதுதான் இது நடந்தது. ஒன்று குறைந்திருந்தாலும் நடந்திருக்காது.

தொழில் ஒன்று ஒரே நாளில் மூடப்பட்டால் என்ன செய்யலாம் என்பதற்கு இருளர் பழங்குடிகளைப் பார்க்க வேண்டும். பாம்புத் தோல் வியாபாரத்துக்குப் பாம்பு பிடித்துக் கொடுத்து வாழ்ந்தவர்கள் அவர்கள். 1972-இன் வனவிலங்குச் சட்டமும் அதைத் தொடர்ந்த ஏற்றுமதித் தடையும் அந்தப் பிழைப்பை அடைத்தன. 1978-இல், ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் துணையோடு, மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் உருவானது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் உயிரோடு பிடித்து வருவார்கள். மண்பானையில் மணல் போட்டு, பாம்பை விட்டு, பானையின் வாயைத் துணியால் கட்டி வைப்பார்கள். வாரத்துக்கு ஒருமுறை நஞ்சு எடுத்து, சில வாரங்களில் அடையாளமிட்டுக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். நாட்டில் பாம்புக்கடி மருந்து தயாரிக்கத் தேவையான நஞ்சின் பெரும்பகுதி பல ஆண்டுகளாக அங்கிருந்துதான் போகிறது. 2017-இல் இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போய், அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. அறிவு பழையதுதான். அதற்கு உரிமமும் சம்பளமும் கொடுத்த அமைப்புதான் புதியது.

ஆனாலும் இதில் ஒரு குறை இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. பத்மஸ்ரீ வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் ஊர்வன ஆய்வாளராகவோ நஞ்சு ஆய்வுக்கூட விஞ்ஞானியாகவோ ஆவதற்கு நேரான வழி இன்றும் இல்லை. முதுமலை, ஆனைமலைக் காடுகளில் இரவுபகலாக நடக்கும் வேட்டைத் தடுப்புக் காவலர்களில் பெரும்பாலோர் ஆதிவாசிகள். பெரும்பாலும் தற்காலிக வேலை. வனக்காப்பாளர், வனவர், வனச்சரகர் என்று மேலே போகப் போக அந்த முகங்கள் குறைகின்றன. ஆஸ்கர் வாங்கிய படம் உலகுக்கு அறிமுகம் செய்த பெள்ளி அம்மாவை 2023-இல் தெப்பக்காட்டில் தற்காலிகக் காவடியாக, அதாவது யானைப் பாகனின் உதவியாளராக, அரசு நியமித்தது. நல்ல காரியம். ஆனால் இப்படிப்பட்ட வேலை ஒருவருக்குக் கிடைக்க ஆஸ்கர் வரை போக வேண்டியிருந்தது என்பது யோசிக்க வைக்கிறது.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மெனாமினி பழங்குடி மக்கள் தங்கள் காட்டில் தாங்களே மரம் வெட்டி விற்கிறார்கள். 1854 முதல் அவர்கள் வெட்டிய மரத்தின் அளவு, தொடக்கத்தில் அந்தக் காட்டில் நின்ற மொத்த மரத்தையும் விட அதிகம். அப்படியும் காடு குறையவில்லை. 1993-இல் தங்களுக்கென்றே ஒரு கல்லூரியும் தொடங்கினார்கள். காடும் அவர்களுடையது, மரம் அறுக்கும் ஆலையும் அவர்களுடையது, பாடம் சொல்லித் தரும் இடமும் அவர்களுடையது.

தங்கவயலுக்கு இந்த மூன்றில் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. சுரங்கத் தொழிலில் டிப்ளமோ தரும் ஸ்கூல் ஆஃப் மைன்ஸ் ஊரிலேயே இருக்கிறது. உரிகத்தில், முன்பு கோல்டன் வேலி என்று அறியப்பட்டு இப்போது டாக்டர் டி. திம்மையா பெயரில் இயங்கும் பொறியியல் கல்லூரியில் சுரங்கப் பொறியியல் பட்டப்படிப்பு உண்டு. ராய்ச்சூர் மாவட்டத்தில் மாநில அரசின் ஹட்டி தங்கச் சுரங்கம் இன்றும் ஓடுகிறது. லைன் வீட்டுப் பிள்ளை அந்த டிப்ளமோவில் சேர்ந்து, ஹட்டியில் உதவித்தொகையோடு பயிற்சி பெற்று, மேட், பிளாஸ்டர், ஃபோர்மேன், சர்வேயர், மேனேஜர் என்று சட்டம் கேட்கும் சான்றிதழ்களுக்கான தேர்வுகளை ஒவ்வொன்றாக எழுதி ஏறுவதற்கு வழி செய்ய வேண்டும். தனித்தனியாக எல்லாம் இருக்கின்றன. சேர்த்துக் கட்டத்தான் ஆளில்லை.

சுரங்கம் மட்டுமல்ல. சுரங்க நிலத்தின் புல்வெளிகளில் வெளிமான்கள் மேய்கின்றன. கோலார் மாவட்டத்தின் ஹனுமனஹள்ளிக் குகையில் மட்டுமே வாழும் கோலார் இலைமூக்கு வவ்வால், உலகில் வேறெங்கும் இல்லாத, அழிவின் விளிம்பிலுள்ள உயிர். காமசமுத்திரம் பக்கம் யானைகள் எல்லை தாண்டி வருகின்றன. யூக்கலிப்டஸ் உறிஞ்சிய நிலங்களில் மறுபடி நாட்டு மரங்கள் பிடிக்க வேண்டும். பெங்களூருவின் சுத்திகரித்த கழிவுநீர் 2018 முதல் கோலார் ஏரிகளுக்கு வருகிறது. அந்தத் தண்ணீரை இடைவிடாமல் சோதிக்க வேண்டும். வனவியல் பட்டதாரிகளுக்கும் நீர் ஆய்வாளர்களுக்கும் இந்த ஒரு மாவட்டத்திலேயே இவ்வளவு வேலை கிடக்கிறது. பக்கத்துக் கிருஷ்ணகிரி மலைகளின் இருளர் பிள்ளைகளுக்கும் இதில் இடம் உண்டு. சிர்சியிலும் பொன்னம்பேட்டையிலும் வனவியல் கல்லூரிகள் இருப்பது இந்தப் பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்பிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

மொழி ஒரு தடை. கர்நாடக அரசுப் பணிக்குக் கன்னடம் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும். வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் தெலுங்கும் பேசும் தங்கவயல் பிள்ளைக்கு அது பயப்பட வேண்டிய விஷயமே அல்ல. தேர்வுக்கான பயிற்சி வேண்டும், அவ்வளவுதான். மாலை நேரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் கதவு திறந்திருந்தால் போதும்.

பணத்துக்கும் சட்டத்தில் இடமிருக்கிறது. 2015-இல் திருத்தப்பட்ட சுரங்கச் சட்டம் ஒவ்வொரு சுரங்க மாவட்டத்திலும் மாவட்டக் கனிம அறக்கட்டளை வேண்டும் என்கிறது. குத்தகைதாரர் செலுத்தும் ராயல்டியின் ஒரு பங்கு கூடுதலாக அதற்குப் போகும். அதைச் செலவிட வேண்டிய முதன்மைத் துறைகளில் கல்வியும் திறன் பயிற்சியும் உண்டு. மேடுகள் ஏலம் போகும்போது கோலார் மாவட்டத்துக்கு வரும் அந்தப் பணம் சாலைக்கும் சமுதாயக் கூடத்துக்கும் முழுதாகக் கரைந்துவிடக் கூடாது. தங்கவயல் பிள்ளைகளுக்கான கல்வி உதவித்தொகை என்று அதில் ஒரு பகுதியை முதல் ஆண்டிலேயே ஒதுக்க வேண்டும். ஏல நிபந்தனைகளில் இரண்டு வரிகள் சேர வேண்டும்: ஆய்வுக்கூடம், அளவை, சுற்றுச்சூழல் கண்காணிப்பு வேலைகளில் இத்தனை சதவீதம் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு என்று ஒன்று. குத்தகை முடிவதற்குள் அவர்களில் இத்தனை பேரை மேற்பார்வைப் பதவிக்கான சான்றிதழ் வரை படிக்க வைக்க வேண்டும் என்று மற்றொன்று.

ஆலை எழும்ப எடுக்கும் காலமும் ஒரு டிப்ளமோ முடிக்க எடுக்கும் மூன்று ஆண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஏலம் முடிந்து, இயந்திரம் வந்து இறங்கிய பிறகு தகுதியான ஆள் உள்ளூரில் கிடைக்கவில்லை என்று கம்பெனி கைவிரித்தால், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் இந்த ஆண்டு சேர்க்கையைத் தவறவிட்ட அதிகாரிகள்தான்.